மீதி உனக்கே தெரியும்

1

இந்தக் கதை எனக்குத் தானாக வரவில்லை. என் தலையில் கட்டப்பட்டது. கட்டியவர் என் அண்ணன்.

அண்ணி இறந்துபோய்ச் சில மாதங்கள் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவர் உட்காரக்கூட இல்லை.

"நீதான் கதையெல்லாம் எழுதுறியே. உங்க அண்ணியைப் பத்தி ஒண்ணு எழுது."

"என்னண்ணே எழுதணும்?"

"தெரிஞ்சதை எல்லாம் எழுது. எழுதிட்டே போனா ஒரு விஷயம் பிடிபடும். பிடிபட்டா எனக்குச் சொல்லு."

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். பழுது எங்கே என்று லேசில் வாயைத் திறக்கமாட்டார். அன்றைக்கு மட்டும் வாசல்வரை போனவர் திரும்பி நின்றார்.

"ஊர்ல உள்ள எல்லாருக்காகவும் வேண்டிக்கிட்டா. என்னைப் பத்தி மட்டும் ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லடா. ஏன்?"

2

முதல் தொடக்கம்: அவர் ஒரு தெய்வம். (அடித்துவிட்டேன். அண்ணி இருந்திருந்தால், "கேட்டா தெய்வம் கோவிச்சுக்கும் தம்பி" என்பார்.)

இரண்டாவது: அன்பும் பக்தியும் ஒருங்கே அமையப்பெற்ற அந்த அம்மையார், தமது இல்லறத்தை (இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. அம்மையாரா? என் அண்ணியா?)

மூன்றாவது: அண்ணி காலையில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, அது பொங்குவதற்குள் கடவுளிடம் பேசி முடிப்பார்.

இதில் பொய் இல்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

3

பாட்டு, மந்திரம் எதுவும் கிடையாது. சமையலறை ஜன்னலைப் பார்த்தபடி சத்தமாகப் பேசுவார். யார் பெயரையும் சொல்லமாட்டார். ஒரே பெயரில் உலகத்தில் எத்தனையோ பேர், கடவுள் ஆள் மாறிப் போய்விட்டால் என்ன செய்வது என்பது அவர் கவலை. அதனால் விலாசம்தான். (இந்தக் கதையிலும் யாருக்கும் பெயர் இல்லை. அவரிடம் கற்றதுதான்.)

"தண்ணித் தொட்டிக்கு எதிர்வீடு, மூணாவது மாடி, இடது பக்கக் கதவு. தையல்காரம்மாவுக்கு முட்டி வலி தாங்கலை. லிஃப்ட் வேற ஓடலை, படியேறித்தான் போகணும். பார்த்துக்கோ."

பாத்ரூமில் சவரம் செய்துகொண்டிருக்கும் அண்ணன் குரல் கொடுப்பார். "அது எங்க கம்பெனி லிஃப்ட் இல்ல."

"உங்களை யாரு கேட்டா?" என்று கடவுளைக் காக்க வைத்துவிட்டு இங்கே பதில் சொல்வார் அண்ணி.

அந்த வீட்டுக்குக் காலைச் செய்தி அதுதான். மகள் கணக்கில் கோட்டை விட்டது அண்ணனுக்குத் தெரியவந்ததும் இப்படித்தான். "நடுரூம்ல போர்வையை இழுத்துப் போத்திட்டுத் தூங்குற மாதிரி நடிக்கிறாளே, அவளுக்கு இந்தத் தடவையாவது கணக்கு ஏறணும்" என்று கேட்டதும் போர்வைக்குள்ளிருந்து, "அம்மா, கொஞ்சம் மெதுவா வேண்டிக்கோயேன்" என்று அழுகைக் குரல் வந்ததாம்.

சொல்லி முடித்த கையோடு டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு தையல்காரம்மா வீட்டுக்குப் படியேறிவிடுவார். "நாம சொல்லிட்டுக் கையைக் கட்டிட்டு உட்கார்ந்தா, அவரும் உட்கார்ந்துடுவாரு தம்பி."

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: ஒரு குளிர் நாளில் அண்ணன் வாட்ச்மேனைப் பார்த்து, "ஸ்வெட்டர் ஜோரா இருக்கே, எங்க எடுத்தீங்க?" என்று விசாரித்துவிட்டு வந்தார். பீரோவைத் திறந்த பிறகுதான் அது தன்னுடையது என்று உறைத்தது. கத்தினார். மறுநாள் அவரே போய் வாட்ச்மேனிடம், கை நீளம் சரியாக இருக்கிறதா என்று கேட்டார்.)

பால் மேலே எழும்பும். அடுப்பை அணைத்துக்கொண்டே, "மீதி உனக்கே தெரியும்" என்று முடிப்பார். எல்லா நாளும் அதே முடிவுதான்.

4

இனி அண்ணனின் கேள்வி. மூன்று பதில்கள் எழுதிப் பார்த்தேன்.

அண்ணன் எழுவதற்கு முன்பே அவருக்காகத் தனியாக வேண்டியிருப்பார். (நடக்காது. அந்த வீட்டில் முதலில் எழுகிறவர் அண்ணன். பால் வாங்கி வருவதே அவர்தான்.)

கடவுளை நம்பாத மனிதருக்குச் சிபாரிசு எதற்கு என்று விட்டிருப்பார். (நானும் நம்பாதவன்தான். "பேனாவும் கையுமாத் திரியுறானே என் கொழுந்தன், அவனுக்குச் சோறு போடுற வேலையாக் கொடு" என்று என் காதுபடவே வேண்டியிருக்கிறார்.)

கணவரும் தானும் வேறல்ல என்று நினைத்திருப்பார்; தனக்காக யாராவது வேண்டுவார்களா? (எழுதும்போதே கூசியது. ஆனாலும் அழகாக இருக்கிறதே என்று விட்டுவைத்தேன்.)

அண்ணன் வீட்டுக்குப் போய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"இது நீ சொல்றது. அவளுக்கு இப்படியெல்லாம் பேச வராது."

மகள் குறுக்கே வந்தாள். "மீதி உனக்கே தெரியும்னு அம்மா முடிப்பாங்கல்ல? அந்த மீதி நீங்கதான்ப்பா."

"நானா? பாத்திரத்துல அடியில ஒட்டிட்டு இருக்குமே, அதுவா?"

மூவரும் சிரித்தோம். அண்ணன்தான் முதலில் சிரிப்பை நிறுத்தினார்.

5

அன்று அங்கேயே தங்கிவிட்டேன். காலையில் சமையலறையில் பேச்சுக்குரல் கேட்டது. கதவருகில் போய் நின்றேன். அடுப்பில் பால். அண்ணன் ஜன்னலைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

"எனக்கு உன் மேல நம்பிக்கை கிடையாது. அது உனக்கும் தெரியும். அவ பார்த்துட்டு இருந்த வேலை, பாதியில நிக்குதேன்னு சொல்றேன்." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "தண்ணித் தொட்டிக்கு எதிர்வீடு, மூணாவது மாடி, இடது பக்கக் கதவு. முட்டி வலி அப்படியேதான் இருக்கு. லிஃப்டை நான் போய்ச் சரிபண்ணிட்டேன், ஏறிப் போகலாம்."

பிறகு வாட்ச்மேன். பிறகு மகள். பிறகு பேனாவும் கையுமாகத் திரிகிறவன். இத்தனை காலம் நான் காதால் கேட்டுக் கிண்டல் செய்த பேச்சு அது.

எல்லாரையும் சொல்லி முடித்துவிட்டார். அண்ணி மட்டும்தான் பாக்கி. அவர் இப்போது எந்த வீடு, எந்த மாடி, எந்தப் பக்கக் கதவு? அண்ணன் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பால் ஓரங்களில் நுரைக்க ஆரம்பித்தது.

6

இந்த இடத்தில் அண்ணன் என்ன சொன்னார் என்று எழுத வேண்டும்.

"அவளை

(அடித்துவிட்டேன்.)

அண்ணியின் கடைசி வாக்கியத்தையே அவர் வாயில் வைத்து முடித்தால் கதை ஜம்மென்று நிற்கும், தெரியும். ஆனால் அதைக் கேட்க நான் அங்கே இல்லை. ஒருவர் தன் மனைவியைப் பற்றிப் பேச நிற்கும்போது ஒட்டுக் கேட்பது அழகல்ல. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். அதற்குப் பிறகு அண்ணன் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்கவே இல்லை.

நீங்கள் இன்னும் அந்தக் கதவருகில்தான் நிற்கிறீர்கள். உங்களுக்கு ஏதாவது கேட்டால் உங்களோடு இருக்கட்டும். எனக்கு வேறு ஒரு காரியம் ஆக வேண்டும்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து வீடு. இரண்டாவது மாடி, வலது பக்கக் கதவு. லிஃப்ட் ஓடுகிறது. உள்ளே ஒரு லிஃப்ட் மெக்கானிக் இருக்கிறார். அடுப்பை அணைக்க மறந்துவிடுவார்.

பார்த்துக்கொள்ளுங்கள்.