ஞானப்பூவிடம் கருத்துக் கேட்க வந்த டிவி கேம்கள்

மேட்டுவிளையில் ஒரு டிவி கேமுக்கு முப்பது வயது நிறைந்தால், அது டிவியை விட்டு இறங்கி, தன்னை அதிகமாக விளையாடியவர் வீட்டில் வந்து உட்காரும். விளையாடியவர் தன் மனதில் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். கேட்டுக்கொண்டு அது உடன்குடி பஸ் ஏறிப் போய்விடும். மனதில் இல்லாததைச் சொன்னால் போகாது.

போஸ்ட்மாஸ்டர் வீட்டுக்கு மூன்று வந்தன. அவர் முகச்சவரம் செய்துகொண்டே மூன்றையும் வாங்கு வாங்கென்று வாங்கினார். எட்டேகால் பஸ்ஸுக்கு அவை கிளம்பிவிட்டன.

ஞானப்பூ வீட்டுக்கு வந்தவை தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. எல்லாம் ஒரே கேசட்டில் இருந்தவை. அவள் புருஷன் தேவதாசன் பஸ் கண்டக்டராக இருந்த காலத்தில் திருச்செந்தூரில் வாங்கி வந்த மஞ்சள் கேசட் அது. மேலே 999 ஆட்டம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். உள்ளே இருந்தது நான்குதான்: மேலிருந்து விழும் செங்கல், தின்று தின்று நீளும் பாம்பு, கோட்டையைக் காக்கும் டாங்கி, இரண்டு பேர் ஓட்டுகிற இரட்டை பைக். மிச்சமெல்லாம் அதே நான்கு, வேறு வேறு நிறத்தில். ஆகவே நடு அறையில் வந்து உட்கார்ந்தவர்களில் இருநூற்றைம்பது பேருக்கு ஒரு முகம் வீதம் இருந்தது. டிவிக்குள் இருந்து பழகினவை என்பதால் இடுக்கி உட்காரத் தெரிந்திருந்தது. பாம்புகள் மட்டும் கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டன.

பிள்ளைகள் எபியும் ஷீபாவும் அந்தக் கேசட்டை விளையாடியது ஞாயிறு ஆராதனை முடிந்து ஒரு மணி நேரம். மற்ற ஆறு நாளும் உலையில் அரிசியைப் போட்டுவிட்டு விளையாடியது ஞானப்பூ. பிள்ளைகளுக்கு இது தெரியாது. கேசட்டுக்குத் தெரியும்.

வந்த அன்றே அவள் எல்லாருக்கும் காப்பியும் முறுக்கும் வைத்து, "நீங்க எல்லாரும் ரொம்ப நல்லா இருந்தீய" என்று சொன்னாள். சிவப்புச் செங்கல் முறுக்கைத் தின்று முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, "இது மனசுலருந்து வரல்லம்மா" என்றது. மற்றவை தலையாட்டின.

அவள் மேல் குற்றமில்லை. அவள் கோபம் அப்போது அவளிடம் இல்லை. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து தொடங்கிய புதன்கிழமை, ஆளுக்கு ஒன்றை விட்டுக்கொடுங்கள் என்று சபைப் பாதிரியாரான ஐயர் கேட்டபோது, மீன் குழம்பை விட்டவர்கள் உண்டு. வெற்றிலையை விட்டவர்களும் சீரியலை விட்டவர்களும் உண்டு. ஞானப்பூ கோபத்தை விட்டாள். மேட்டுவிளைக் கோயிலில் அப்படி விட்டதை ஊறுகாய் பாட்டிலில் போட்டு மூடி, பெயர் எழுதி ஒட்டி, பக்க அறை அலமாரியில் பூட்டிவிடுவார்கள். சாவி, ஐயருக்கு உதவியாளரான உபதேசியார் மடியில் இருக்கும். ஈஸ்டர் அதிகாலை ஆராதனை முடிந்துதான் அவரவருக்குத் திருப்பித் தருவார்.

ஈஸ்டருக்கு இன்னும் ஐந்து வாரம் கிடந்தது. ஷீபாவோ தலைப்பிரசவத்துக்குச் சனிக்கிழமை வருகிறாள். அவளுக்கென்று வெள்ளையடித்து, கட்டில் போட்டு, ஜன்னலுக்குத் திரை தைத்து வைத்திருந்தது அந்த நடு அறையைத்தான்.

செவ்வாய்க்கிழமை ஷீபா போன் செய்தாள்.

"எம்மா, ரூம் தயாரா?"

"தயாராகுது மக்ளே. கொஞ்சம் ஆளுக இருக்காவ."

"எத்தன பேரு?"

"தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது."

"சனிக்கிழமைக்குள்ள போயிருவாவளா?"

"போகணும்."

அதே போனில் எபியும் பெங்களூரிலிருந்து வந்து சேர்ந்துகொண்டான். "போகாட்டா விடுங்கம்மா. அவ சென்னையில மாமியார் வீட்டுலயே பெறட்டும். அங்க ஏசி கிடக்கு. பிள்ள பெறக்கூட உதவாத வீட்ட வச்சிக்கிட்டு நீங்க ஒத்தையில என்ன செய்யப் போறீய? அப்பாவும் போயாச்சு. வித்துட்டு எங்கூட வந்திருங்க. சனிக்கிழம பாத்துட்டு நான் புரோக்கர்ட்ட பேசுதேன்."

"ஆகட்டும்பா" என்று ஞானப்பூ போனை வைத்தாள். கோபம் கைவசம் இருந்திருந்தால் வேறு எதாவது சொல்லியிருப்பாள்.

புதன்கிழமை அவள் கோயிலுக்குப் போனாள். உபதேசியார் ஆசீர்வாதம் அலமாரிப் பூட்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு மணி நேரம் போதும் அண்ணாச்சி. திட்டிட்டு அப்படியே திருப்பிக் கொண்டாந்திருதேன்."

"உங்களுக்குக் குடுத்தா, வெத்தில விட்டவ எல்லாம் நாளைக்கு வரிசையா வந்து நிப்பா. நடக்காதும்மா."

"பிள்ள பேறுகாலத்துக்கு வருதா."

உபதேசியார் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார். பிறகு அலமாரியின் கீழ்த்தட்டில் கையை விட்டு ஒரு பாட்டிலை எடுத்தார். கழுத்து வரை நிறைந்து, துருப்பிடித்த நிறத்தில் இருந்தது. "உங்களுத எடுக்கப்படாது. இது ஹெட்மாஸ்டர் துரைசிங் சாரோடது. போன லெந்துக்குக் குடுத்தாவ. ஈஸ்டருக்கு மூணு நாளைக்கு முந்தியே போயிட்டாவ. வாங்க ஆள் வரல்ல. கொண்டு போங்க."

வீட்டுக்கு வந்து நடு அறையில் நின்று மூடியைத் திருகினாள். சாக்பீஸ் வாசனை அடித்தது.

"எந்திரில எல்லாவனும்!" என்றாள் ஞானப்பூ.

எல்லாம் எழுந்தன.

"கைய நீட்டு! நேரா நிக்கத் தெரியாத செங்கல் எதுக்குல பள்ளிக்கூடம் வருது? ஏ டாங்கி, அங்க என்ன சிரிப்பு? நாளைக்கு உங்கப்பனக் கூட்டிட்டு வராம உள்ள கால வச்சே, தோல உரிச்சிருவேன்! பாம்பெல்லாம் முட்டி போடு!"

பாம்புகள் முயன்று பார்த்தன. டாங்கிகள் குழலைத் தாழ்த்திக்கொண்டு நின்றன. அரை மணி நேரத்தில் பாட்டில் காலியாயிற்று. ஒருவரும் பையைத் தூக்கவில்லை. பச்சைப் பாம்பு ஒன்று கட்டிலுக்கு அடியிலிருந்து தலையை நீட்டி, மரியாதையாகச் சொன்னது: "இது துரைசிங் சார் கோவம்மா. நல்ல கோவந்தான். ஆனா சார் எங்கள விளையாடுனதே இல்லியே."

வெள்ளிக்கிழமை மத்தியானம் உபதேசியாரே வீடு தேடி வந்தார். மனசு கேட்கவில்லை என்றார். ஞானப்பூவின் பாட்டிலைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். "திறக்கப்படாது. கண்ணால பாத்துக்கிடுங்க."

அவள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அடியில் ஒரு விரற்கடை கூட இல்லை. எதிர் வீட்டுக்காரி சாம்பல் கொட்டிய கோபம் கிடந்தது. குழாயில் தண்ணீர் வராத கோபமும், பெண்கள் சங்கப் பட்டியலில் தன் பெயர் விட்டுப்போன கோபமும் கிடந்தன. டிவி கேம் சம்பந்தமாக ஒரு சொட்டும் இல்லை.

"அப்ப மத்தது எங்க அண்ணாச்சி?"

"நீங்க தந்ததத்தான் நாங்க வச்சிருக்கோம். தராதது உங்கட்டதான் இருக்கும். வீட்டுக்குள்ள நல்லா தேடுங்க."

தேடினாள். பரணில் ஏறிப் பார்த்தாள். அரிசி டின்னுக்குள் கை விட்டுப் பார்த்தாள். தேவதாசனின் டிரங்குப் பெட்டியைத் திறந்து, மடித்து வைத்த காக்கிச் சட்டைகளுக்கு நடுவிலும் பார்த்தாள். கிடைக்கவில்லை.

சனிக்கிழமை விடிந்தது. நடு அறையில் இடமில்லாததால் ஞானப்பூ அடுக்களையில் கிரைண்டர் பக்கத்தில் முழங்கால் போட்டாள். எப்போதும் போல் ஸ்தோத்திரத்தில் தொடங்கி, பிள்ளைகள், வியாதிக்காரர்கள், ஐயர், ஐயரம்மா என்று வரிசையாக ஜெபித்து வந்தாள். வீட்டுக்கு வந்திருக்கிறவர்களுக்காகவும் ஜெபிக்க வேண்டுமே என்று, "ஆண்டவரே, நடு ரூம்ல இருக்கவங்களுக்காக…" என்று வாயைத் திறந்தாள். தேடிய கோபம் அங்கேதான் இருந்தது. லெந்தில் அவள் மனுஷர்களிடம் கோபப்படுவதைத்தான் விட்டிருந்தாள். ஆண்டவரிடம் முறையிடுவதை விடவில்லை.

"தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது பேருன்னு சொல்லிட்டு வந்திருக்கானுவ ஆண்டவரே! நாலு பேரு! நாலே நாலு பேரு! மத்தவனெல்லாம் சட்டைய மாத்திப் போட்டவன்! நானூறாவது வேற மாதிரி இருக்கும், ஐநூறாவது வேற மாதிரி இருக்கும்னு ஒரு மழைக்காலம் முழுக்க ஒவ்வொண்ணா அமுக்கிட்டுப் போனேன். சோறு குழைஞ்சது. பால் பொங்கி அடுப்பு அணைஞ்சது. கடைசியில என்ன இருந்திச்சு? ஒண்ணாம் நம்பர் செங்கல், ஊதாக் கலர்ல! நம்பி வந்தவள இப்படியா ஏய்க்கது? நீரே கேளும்!"

அடுக்களை வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றைந்து பேர் பையைத் தூக்கிக்கொண்டார்கள். ஆறரை, ஏழு, ஏழேகால் பஸ் மூன்றும் நிறைந்து போயின.

நான்கு பேர் வாசலில் நின்றார்கள். ஞானப்பூ கண்ணைத் திறக்கவில்லை.

"இந்தச் செங்கலப் பாரும். நான் தரையச் சுத்தமாக்குவேன், இவன் மேலருந்து ஒண்ணப் போடுவான். மறுபடி சுத்தமாக்குவேன், மறுபடி போடுவான். ஒரு நாளாவது இவ இடுப்பொடிய வேல செஞ்சிட்டு வந்து உக்காந்திருக்காளேன்னு நெனச்சானா? அடுக்களையில நான் செஞ்சதும் அதே வேலதான ஆண்டவரே! அதுலருந்து தப்பிச்சுத்தான இவங்கிட்ட வந்தேன்!"

செங்கல் கும்பிட்டுவிட்டுப் போயிற்று.

"இந்தப் பாம்பு. தின்னுச்சு, தின்னுச்சு, தின்னுக்கிட்டே இருந்திச்சு. ஒரு நாள் போதும்னு சொல்லிருக்குமா? நான் ஓடி ஓடிக் கூட்டிட்டுப் போயி தின்ன வச்சேன். கடைசியில தன் வாலத் தானே கடிச்சிட்டு என்னத் தோத்தவன்னு சொல்லிச்சு. கடிச்சது அது! தோத்தது நானா?"

பாம்பு வாசற்படியில் ஒரு முறை நின்று, பிறகு இறங்கிப் போயிற்று.

"டாங்கி! கோட்டையக் காப்பாத்துன்னான். காப்பாத்தினேன். அவசரத்துல ஒரே ஒரு தடவ என் கோட்டச் சுவர நானே சுட்டுட்டேன். இவன் குண்டு, இவன் குழலு. கொஞ்சம் பொறு, அது உன் வீடுன்னு ஒரு வார்த்த சொன்னானா? இடிஞ்ச பொறவு கொட்டு அடிக்கான்!"

டாங்கி திரும்புவதற்கு அடுக்களை வாசலில் இடம் போதவில்லை. பின்னாலேயே போயிற்று.

இரட்டை பைக் மட்டும் நின்றது. ஞானப்பூ முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். 

"இவன்தான் ஆண்டவரே" என்றாள் பிறகு. "அவருக்கு ஓய்வு நாள்ல நாங்க ரெண்டு பேரும் இவனத்தான் விளையாடுவோம். அவருதான் எப்பவும் முதல் ஜாய்ஸ்டிக். அது கிடக்கட்டும். அவரு மேல எனக்கு ஒண்ணும் இல்ல, உமக்குத் தெரியும். அவரு வேகமாப் போவாரு. பள்ளத்துல விழுந்திருவாரு. மூணு உயிரும் போயிரும். எனக்கு மூணும் முழுசா இருக்கும். என் வண்டி ரோட்டுல நேரா ஓடிட்டு இருக்கும். இவன் என்ன செய்வான்? ஆட்டம் முடிஞ்சதுன்னு எழுதிப் போட்டு எல்லாத்தையும் இருட்டாக்கிருவான்! யாரக் கேட்டு முடிச்சான்? முதல் ஆள் போயிட்டா ரெண்டாவது ஆளு ஆளில்லையா? என் உயிர எண்ணிப் பாத்தானா? எனக்கு ஓட்டத் தெரியாதா? நான் ஓட்டிட்டுத்தான இருந்தேன்! அம்புட்டுத் தூரம் ரோடு கிடந்திச்சே ஆண்டவரே, அம்புட்டுத் தூரம்!"

அவள் கையால் தரையை அடித்தாள். கிரைண்டர் மூடி அதிர்ந்தது.

 இரட்டை பைக் தன் இரண்டு வண்டிகளையும் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு போய், எட்டேகால் பஸ்ஸின் மேல் ஏற்றிக் கட்டியது.

ஞானப்பூ ஆமென் சொல்லி எழுந்தாள். கால் மரத்துப்போயிருந்தது. போனை எடுத்து எபியைக் கூப்பிட்டாள்.

"ஏல எபி, ரூம் காலியாயிட்டு. வீடு விக்கதுக்கு இல்ல. நான் இருக்கேன். இனி அந்தப் பேச்ச எடுக்காத."

"எம்மா, நான் என்ன சொல்லுதேன்னா…"

"வைக்கேன்பா. தண்ணி விட்டுக் கழுவணும்" என்று அவளே முதலில் வைத்தாள். இதை அவள் மெதுவாகத்தான் சொன்னாள்.

அறையைக் கழுவிவிட்டாள். முறுக்குத் தூளெல்லாம் வாசல் வழியாக ஓடிற்று. விரிப்பை உதறிப் போட்டு, திரையை இழுத்துவிட்டபோது பத்தரை. ஆட்டோ வந்து நின்றது.

ஷீபா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினாள். அவளுக்குப் பின்னால், அவள் வேலை பார்க்கும் ஆபீஸ் குனிந்து இறங்கியது. மூன்று மாடி. முகப்பெல்லாம் கண்ணாடி.

"லீவு தர மாட்டேன்னுட்டாவம்மா. அதான் கையோட கூட்டியாந்துட்டேன்."

"புள்ளத்தாச்சி இத்தன தூரம் இதத் தூக்கிட்டா வந்தே?"

"தூக்கல்ல. தானா நடந்துதான் வந்திச்சு. மதுரையில மட்டும் கொஞ்சம் வாந்தி எடுத்திச்சு."

ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கை கால் கழுவிக்கொண்டு, எங்கே உட்காரலாம் என்பது போல் பார்த்தது. முருங்கைக்குப் பக்கத்தில் நிழலாக இருக்கும் என்று ஞானப்பூ கையைக் காட்டினாள். மகளை உள்ளே கூட்டிப் போய்க் கட்டிலில் படுக்க வைத்து, ஃபேனைப் போட்டாள். பிறகு அடுக்களைக்குப் போய் உலையில் இன்னும் நாலு படி அரிசியை அளந்து போட்டுக்கொண்டே கேட்டாள்:

"ஏட்டி, இது மீன் சாப்பிடுமா?"

"ரெண்டாவது மாடி மட்டும் சைவம்மா."

ஞானப்பூ அதற்குத் தனியாக ஒரு பருப்புக் குழம்பு வைத்தாள்.