குளிரில் மறக்காதது

விஜயகுமாருக்கு வாய் சும்மா இருக்காது. பெங்களூர் ஆய்வுக்கூடத்தில் நாங்கள் இருவரும் செய்வதையெல்லாம் போனில் அவன் ஆத்தாவிடம் ஒப்பித்துவிடுவான். ஒரே ஒரு மூலக்கூறுகூடக் காந்தமாக இருக்கும், அதைத் தங்கத் தகட்டின்மேல் படுக்க வைத்திருக்கிறோம், கடுங்குளிரில் வேறொரு காந்தத்தால் நாம் இழுத்த பக்கத்தை அது மறக்காது, கொஞ்சம் சூடேறினால் எல்லாம் மறந்துபோகும் என்று. அந்த அம்மாவுக்கு இதெல்லாம் எதற்கு?

2009 பொங்கலுக்கு ஊருக்கு வந்தவன் சின்னமனூர் சாலையில் லாரி மோதிச் செத்துப்போனான். என் ஊர் உத்தமபாளையத்திலிருந்து நான் அவன் ஊரான மார்க்கையன்கோட்டைக்குப் போனபோது அவனை ஐஸ் பெட்டியில் வைத்து இரண்டு நாளாகியிருந்தது. அவன் ஆத்தா கருத்தம்மாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எடுக்க விடவில்லை.

"சொந்தக்காரக எல்லாம் வந்துட்டாக தம்பி. சுடுகாட்டுல விறகும் அடுக்கியாச்சு. அவன் போன்ல சொன்னதையே புடிச்சுக்கிட்டு விட மாட்டேங்குது. நீ சொன்னாக் கேக்கும்" என்றார் தாய்மாமன் வீரணன். எனக்கு எரிச்சலாக வந்தது. திட்டுவதென்றால் விஜயகுமாரைத்தான் திட்ட வேண்டும். அவன் பெட்டிக்குள் கிடந்தான்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கண்ணாடியில் பனி படிந்து அவன் முகம் தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. அடியில் மோட்டார் முனகியது. எங்கள் ஆய்வுக்கூடத்துக் குளிர் எந்திரமும் இப்படித்தான் முனகும். உள்ளே அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறான் என்று ஒரு நொடி நானும் நம்பினேன். பயமாக இருந்தது.

"தீயில வச்சா என்னய மறந்துருவான் ஹக்கீமு. குளிர்லயே கெடக்கட்டும்" என்றார் கருத்தம்மாள்.

"அதெல்லாம் காந்தத்துக்கும்மா. மனுசருக்கு இல்ல."

"எம்மகன் எங்கிட்டப் பொய் சொல்ல மாட்டான்."

"பொய் இல்ல. பாதியத்தான் சொல்லியிருக்கான்."

"மீதி என்ன?"

கேட்ட வேகத்தில் சொல்லிவிட்டேன். "அது எல்லாத்தையும் ஞாபகம் வச்சுக்காது. கடைசியா எந்தப் பக்கம் இழுத்தமோ, அது மட்டுந்தான். அதுக்கு முன்னாடி இழுத்ததெல்லாம் போயிரும்."

என்ன சொல்லிவிட்டேன் என்பது அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் முந்தானையால் கண்ணாடியை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இவனுக்கு அந்த லாரி மட்டுந்தான் ஞாபகம் இருக்குமா?"



கருத்தம்மாள் எழுந்தார். சுவரோரம் போய் பிளக்கைப் பிடுங்கினார். மோட்டார் நின்றது.

"தூக்குங்க" என்றார். "எம்புள்ள அத மறக்கட்டும்."