தலைகீழாக வைக்க வேண்டிய பாட்டில்

கல்யாணத்தன்று மழை வரக்கூடாது என்றால், சடங்கு நடக்கப்போகும் இடத்தில் ஒரு மாதம் முன்பே பர்பன் விஸ்கி பாட்டில் ஒன்றைத் தலைகீழாகப் புதைத்துவிட வேண்டும். சீல் உடைக்காத பாட்டிலாக இருக்க வேண்டும். கல்யாணம் முடிந்ததும் அதைத் தோண்டியெடுத்து எல்லோரும் குடிக்க வேண்டும். அமெரிக்காவின் கென்டக்கியில் இதை நம்பாதவர்களும் செய்துவிடுவார்கள். நாளைக்கு மழை வந்து, யாரால் வந்தது என்று பேச்சு கிளம்பினால், நம் பெயர் அடிபடக்கூடாது பாருங்கள்.

லோவலின் ஒரே மகள் கோரினுக்கு ஜூன் மாதம் கல்யாணம். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் புல்வெளியில், வாதுமை மரத்தடியில். எந்த பாட்டிலைப் புதைப்பது என்று முடிவு செய்ய மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லோவலின் கார் ஷெட்டில் கூடினார்கள். அந்த ஷெட்டுக்குள் கார் நுழைந்து பல வருடம் ஆகிறது. மூன்று சுவரிலும் பாட்டில்கள்தான். கார் வெளியே வெயிலில் காய்கிறது.

பக்கத்து வீட்டு ஹாலிஸ் வழக்கம்போல வந்திருந்தார். பென்சில்வேனியாவிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா மார்லீன் வந்திருந்தார், கையில் ஒரு ரை விஸ்கியோடு. மக்காச்சோளத்தில் காய்ச்சும் பர்பனை அவர் வீட்டில் யாரும் மதிப்பதில்லை. ரை தானியத்தில் காய்ச்சினால்தான் அவர்களுக்கு அது விஸ்கி.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. உங்க பர்பன் எனக்கு பான்கேக் மேல ஊத்துற பாகு மாதிரியே இருக்கு" என்றார் மார்லீன்.

"பரவால்ல சம்பந்தியம்மா. உங்க ரையைக் குடிச்சா எனக்கு மிளகு டப்பாவுக்குள்ள மூக்கை விட்ட மாதிரி இருக்கும். சொல்ல வேண்டாம்னு இருந்தேன்."

"முதல்ல குடிப்போம். அடிதடிய அப்புறம் வெச்சுக்கலாம்" என்றார் ஹாலிஸ்.

எது எதென்று தெரியாமல் ருசி பார்ப்பதுதான் முறை. கோரின் உள்ளே போய், பாட்டில்களை யாருக்கும் காட்டாமல், ஒரே மாதிரியான சின்னக் கண்ணாடிக் குவளைகளில் ஊற்றிக்கொண்டு வந்தாள். அதில் ஒன்று லோவல் ரகசியமாகச் சேர்க்கச் சொன்னது. கோரின் பிறந்த வாரத்தில் அவர் வாங்கிய பர்பன். அதைக் காய்ச்சிய ஆலை எப்போதோ மூடிவிட்டது. வாங்கிய இரண்டில் ஒன்றைத் திறந்து நல்ல நாள் பெரிய நாளில் சொட்டுச் சொட்டாகக் குடித்து வந்தார். மற்றது சீல் கலையாமல் அலமாரியில் இருந்தது. அதைப் புதைக்கும் எண்ணம் அவருக்குக் கனவிலும் இல்லை. மார்லீனின் வாயை அடைக்க வேண்டும், அவ்வளவே.

முதல் குவளையை ஹாலிஸ் முகர்ந்தார். வாயில் வைத்து மென்றார். விஸ்கியை மெல்லாமல் விழுங்குகிறவர்களோடு அவர் பேசுவதில்லை. "வேர்க்கடலை. பழைய வேர்க்கடலை" என்று குவளையைத் தள்ளி வைத்தார்.

அடுத்தது நாக்கில் பட்டதும் சுரீரென்றது. ரை ரொட்டியின் ஓரம், புதினா, மிளகு. இது யார் கொண்டுவந்தது என்று லோவலுக்கு உடனே தெரிந்துவிட்டது. அது நன்றாக இருந்ததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. "சுத்தமா இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

மூன்றாவதை மார்லீன் ஒரு மிடறு குடித்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு இன்னொரு மிடறு குடித்தார். கருக்கிய சர்க்கரை, புகையிலை, ஈர மரம் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து போயின. ஹாலிஸ் மெல்வதை நிறுத்திவிட்டார்.

"இது பாகு இல்ல" என்றார் மார்லீன். "என்னோடதை விட நல்லா இருக்கு. இது யாருது?"

லோவலுக்குத் தலைகால் புரியவில்லை. "நம்மளோடது. கோரின் பொறந்தப்ப வாங்கினது" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்.

"அப்ப பேச்சே இல்ல. இதையே புதைச்சுடுவோம்பா" என்றாள் கோரின்.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "அது... ஒரே ஒரு பாட்டில்தாம்மா பாக்கி இருக்கு."

"நானும் ஒரே ஒரு பொண்ணுதானேப்பா."

லோவல் எழுந்துபோய் அலமாரியிலிருந்து சீல் கலையாத பாட்டிலை எடுத்தார்.

மறுநாள் மண்வெட்டியும் பாட்டிலுமாகத் தனியாக மரத்தடிக்குப் போனார். துணைக்கு வருகிறேன் என்ற மகளை வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். குழி தோண்டினார். பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்தார். உள்ளே ஒரு குமிழி நிதானமாக மேலே ஏறியது. விஸ்கி இறங்கிக் கார்க்கைத் தொட்டது. ஒயினைப் படுக்க வைக்கலாம். விஸ்கியை நிற்கத்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அதன் காரம் கார்க்கைத் தின்றுவிடும். அதுவும் இருபத்தெட்டு வருடத்துக் கார்க். ஒரு மாதத்தில் கஞ்சியாகிவிடும். சுற்றுமுற்றும் பார்த்தார். பாட்டிலை நிமிர்த்தி நேராக நிற்க வைத்து மண்ணைத் தள்ளி மூடினார். இத்தனை மண்ணுக்கு அடியில் இருப்பதை வானம் எங்கே பார்க்கப்போகிறது என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

வானம் பார்த்துவிட்டது போலிருக்கிறது. கல்யாணத்தன்று மதியம் மழை பிடித்துக்கொண்டது. தூறல் இல்லை, கொட்டு கொட்டென்று கொட்டியது. வெள்ளை நாற்காலிகளில் தண்ணீர் தேங்கியது. வந்தவர்கள் காரை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார்கள். "ஒழுங்காத்தானே புதைச்ச?" என்று மனைவி ஆர்டித் சமையலறையிலிருந்து கேட்டாள். "ஒழுங்காத்தான்" என்றார் லோவல்.

அவருக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. பெற்ற மகளின் கல்யாணம் ஒரு பக்கம், ஒரு கார்க் ஒரு பக்கம் என்று வைத்துப் பார்த்து, கார்க்கை எடுத்துக்கொண்ட ஆள் இந்த உலகத்தில் தான் ஒருவன்தான் என்று தோன்றியது. சாயங்காலம் ஊரே பார்க்கத் தோண்டும்போது பாட்டில் சிப்பாய் மாதிரி விறைப்பாக நிற்கும். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். கோரின் என்ன நினைப்பாள்? அதைத்தான் அவரால் தாங்க முடியாது. கோட்டு சூட்டோடு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினார். யாரும் பார்ப்பதற்குள் புரட்டி வைத்துவிடலாம்.

சேற்றில் முழங்காலிட்டுத் தோண்டிக்கொண்டிருந்தபோது தலைமேல் மழை நின்றது. நிமிர்ந்து பார்த்தால் குடை. குடைக்கு அந்தப் பக்கம் மார்லீன்.

"என்ன சம்பந்தி, கிணறு வெட்டுறீங்களா?"

பாட்டிலின் கழுத்து மண்ணுக்கு மேலே நேராக நீட்டிக்கொண்டிருந்தது. லோவல் கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டார்.

"கார்க்கு..." என்றார்.

"எத்தனை வருஷத்துக் கார்க்கு?"

"இருபத்தெட்டு."

மார்லீன் குடையை அவர் பக்கம் இன்னும் சாய்த்தார். "நானா இருந்தாலும் நேராத்தான் வெச்சிருப்பேன். இத நான் சொன்னேன்னு எம் பையன்கிட்ட சொல்லிடாதீங்க" என்றார். பிறகு, "சட்டுனு புரட்டுங்க. குடை பிடிக்கிறேன், யாருக்கும் தெரியாது" என்றார்.

லோவல் பாட்டிலை வெளியே எடுத்துத் தலைகீழாகச் சாய்க்கப் போனார்.

"புரட்டாதீங்கப்பா! கார்க்கு கெட்டுப்போயிடும்."

கோரின் நின்றிருந்தாள். கல்யாண உடையை முழங்காலுக்கு மேலே சுருட்டிப் பிடித்திருந்தாள், காலில் தொழுவத்து ரப்பர் பூட்ஸ். அவளுக்குப் பின்னால், நான்கு பேர் லாரியிலிருந்து ஒரு பெரிய கூடாரத்தை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"இது எப்பம்மா சொன்ன?" என்று கூடாரத்தைக் காட்டிக் கேட்டார் லோவல்.

"நீங்க மண்வெட்டிய எடுத்துக்கிட்டு, 'நீ வர வேணாம்'னு தனியா போனீங்க பாருங்க, அன்னிக்கே."

"மன்னிச்சுடும்மா. எனக்குக் கை வரல."

"தெரியும்பா. நீங்க தலைகீழா புதைச்சிருந்தா, உங்களுக்கு உடம்புக்கு என்னமோ ஏதோன்னு நான் பயந்திருப்பேன்." அவள் கையை நீட்டினாள். "எழுந்திரிங்க. பாதிரியார் வந்தாச்சு. என்னைக் கூட்டிட்டுப் போகப் போறீங்களா, இல்ல அத மடியில வெச்சுக்கிட்டு இங்கயே இருக்கப் போறீங்களா?"

லோவல் எழுந்தார். முழங்கால் இரண்டிலும் சேறு. பாட்டிலை எங்கே வைப்பது என்று பார்த்தார். தரையில் வைத்தால் சாய்ந்துவிடும். வேறு வழியில்லாமல், ரை குடிக்கும் மார்லீனிடமே கொடுத்துவிட்டு, மகளின் கையைத் தன் கையோடு கோத்துக்கொண்டு கூடாரத்தை நோக்கி நடந்தார்.

ஒரே ஒரு தடவைதான் திரும்பிப் பார்த்தார். மார்லீன் குடையைத் தனக்குப் பிடிக்காமல் பாட்டிலுக்குப் பிடித்தபடி வந்துகொண்டிருந்தார்.