முகம் இல்லாத படம்

"முகம் எங்கே?" என்று கேட்டார் நரம்பு டாக்டர்.

அவன் நீட்டிய போனில் ஓடிய வீடியோவில் மகளின் வலது கை மட்டும்தான் தெரிந்தது. விரல்கள் மடங்கி, மணிக்கட்டு உள்பக்கமாக முறுக்கிக்கொண்டு நின்றது. எட்டே நொடி.

அவன் இருபது வருடமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறவன். கொட்டாவி விடும் மாமாவையும், முகத்தைத் தூக்கி வைத்திருக்கும் அத்தையையும் ஈவு இரக்கமில்லாமல் வெட்டித் தள்ளுவான். பழக்கதோஷத்தில், வலியில் துடித்த மகளின் முகத்தையும் வெட்டிவிட்டான். வெட்டியதை அழித்தும் விட்டான். உண்மையில், அதை இரண்டாம் தடவை பார்க்கும் தைரியம் அவனுக்கு இல்லை.

"அதுதாங்க எனக்கு வேணும்," என்றார் டாக்டர். "எம்.எஸ். இருக்கற பிள்ளைங்களுக்கு இப்படி இழுத்துப் பிடிக்கும். ஆனா வலிப்பாவும் இருக்கலாம். அந்த நேரத்துல நினைவு இருக்கா இல்லையான்னு தெரியாம எந்த மருந்தை ஆரம்பிக்கிறது?"

எம்.எஸ். என்ற இரண்டு எழுத்து வீட்டுக்குள் வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. நரம்பின் மேலுறையை உடம்பே அரித்துத் தின்னும் நோய். அது பதினொரு வயதுப் பிள்ளைக்கு வரும் என்று யார் கண்டார்கள்? பள்ளியில், பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறாள் என்றுகூடச் சொல்லிவிட்டார்கள்.

"வேகமா மூச்சு விட்டா வரும் டாக்டர்," என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள். "வர வைக்கட்டுமா?"

"வேணாம்மா. போன தடவை எப்படிக் கத்தினே!" என்றான் அவன்.

"நீங்க எடுங்கப்பா. முகத்தோட."

டாக்டர் அவனைப் பார்த்தார். "நான் பக்கத்துலயே இருக்கேன். முடியலைன்னா உடனே நிறுத்திடலாம்." அவன் தலையாட்டினான். தலையாட்டியதற்காகத் தன்மீதே வெறுப்பு வந்தது.

அவள் மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். ஒரு நிமிடம் ஒன்றுமே இல்லை. வராமலே போய்விட்டால் தேவலை என்று நினைத்தான். வராவிட்டால் மருந்தும் இல்லை என்பது உடனே உறைத்தது. அப்போது அவள் சுண்டுவிரல் மடங்கியது. அவன் போனில் பதிவை அழுத்தினான். அடுத்து மற்ற விரல்கள், மணிக்கட்டு, முழங்கை. அவளுக்கு முகமெல்லாம் வேர்த்தது.

"கண்ணு, நான் பேசறது கேக்குதா?" டாக்டர் குனிந்தார். "அப்பா என்ன பண்றார், சொல்லு?"

பல்லைக் கடித்துக்கொண்டே அவள் சொன்னாள்.

"அழறாரு... ஆனா போனை ஆட்டலை."

திரை முழுக்க அவள் முகம். வலியில் சுருங்கிய கண்கள் அவனை விட்டு நகரவில்லை. மூலையில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. பதினேழு. பதினெட்டு.