கண் வெள்ளையில் துளி மஞ்சள்

வீட்டில் எல்லோருக்கும் அவன் பென்சில்தான். ஆளும் ஒல்லி, காதிலும் எப்போதும் ஒன்று செருகியிருக்கும். சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் லேபிள் வரைவது அச்சகத்தில் அவன் பிழைப்பு. லீவு நாள் வந்தால் மடக்கு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு, மீன் மார்க்கெட், ரயில்வே கேட் என்று வரையக் கிளம்பிவிடுவான். பின்னால் நாலு பேர் நின்று எட்டிப் பார்ப்பார்கள், பிரமாதம் என்பார்கள். அதெல்லாம் அவன் காதில் ஏறாது. ஒரே ஒரு ஆள் சொல்ல வேண்டும், அது அவன் அக்கா. அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

சொல்லாதது மட்டுமா? வெயிலில் வெந்து அவன் வரைந்துகொண்டு வந்த படத்தைப் பார்த்து, இது எருமையா பெஞ்சா என்று கேட்டவள் அவள். அவன் வரைந்திருந்தது கேட் கீப்பரை. அம்மாவை வரைந்து சொந்தக்காரர்கள் எல்லோரும் கொண்டாடியபோது, "அம்மாவுக்கு மேக்கப் போட்டு விட்டிருக்கான்" என்று ஒரே வரியில் தீர்த்துக்கட்டினாள். அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் சொன்னது சரி என்று தெரிந்ததால் இன்னும் அதிகமாகவே பற்றிக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து ஒரு பிடிவாதம்: கண்ணில் படுவதைத் தவிர எதையும் போடுவதில்லை. மூக்கு என்று நினைத்து வரைந்தால் மூக்கு வராது, அங்கே விழுகிற நிழலை மட்டும் வரைந்தால் மூக்கு தானாக வந்து உட்காரும். இதுதான் அவன் வித்தை. அதற்காகக் கண்ணைப் பாதி மூடிக்கொள்வான். எதிரே இருப்பது ஆளா சுவரா என்பதே அப்போது அவனுக்கு மறந்துபோகும்.

இப்போது அக்கா படுக்கையில் இருந்தாள். புற்றுநோய் ஈரல் முழுக்கப் பரவிவிட்டது, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அது தெரியாத ஒரே ஆள் அக்காதான். அவள் கணவர், அவனுக்கு மாமா, முகம் பார்க்கும் கண்ணாடி வெட்டி ஃபிரேம் போட்டு விற்கிறவர். ரசம் போய்விட்டது, மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று வீட்டிலிருந்த கண்ணாடிகளைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப் போனவர் திருப்பிக் கொண்டுவரவே இல்லை. ஊருக்கெல்லாம் கண்ணாடி விற்கிறவர் வீட்டில் தலை வாருவதற்கு ஒரு கண்ணாடி கிடையாது. கண்ணுக்கு ஆகாது என்று அக்காவின் போனை மகள் வாங்கி வைத்துக்கொண்டாள். ஜன்னலுக்குத் திரை, அறைக்கு ஒரு மங்கல் பல்பு. கை ஏன் மஞ்சளாக இருக்கிறது என்று கேட்டால் மாத்திரைச் சூடு என்பார்கள். அவளும் நம்பினாள், பாவம். எழுந்ததும் தையல் கடையைத் திறக்கணும், மெஷினுக்கு எண்ணெய் போட்டு வை என்று மகளை விரட்டினாள். அந்த நம்பிக்கையில்தான் நாலு வாய் சாப்பிட்டாள். அது போனால் அவளும் போய்விடுவாள் என்று மாமா பயந்து செத்தார்.

அப்படி இருக்கையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தம்பியைக் கூப்பிட்டு, "என்னை வரைடா, வெளியே உக்கார வெச்சு வரை. இந்த ரூம் வெளிச்சத்துல யாரை வரைஞ்சாலும் பிணம் மாதிரிதான் இருக்கும்" என்றாள்.

மாமா அவனைக் கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். "கன்னத்தைக் கொஞ்சம் பூசினாப்ல போட்டுடு மாப்ள. கல்யாணத்தப்ப இருந்த மாதிரி. அவ கேட்டு வாங்கிப் பாப்பா."

சரி மாமா என்றான். மனசாரத்தான் சொன்னான்.

வீட்டுக்குப் பின்னால், துணி காயப்போடும் கொடிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு அக்காவை உட்கார வைத்தார்கள். மகள் போர்வையைச் சுற்றிவிட்டாள். பென்சில் தன் அட்டையை மடியில் வைத்து, வர்ணப் பெட்டியைப் பக்கத்தில் திறந்துவைத்து, சொன்ன சொல் தவறாமல் முதலில் உருண்டைக் கன்னமாகத்தான் போட்டான். நன்றாகவும் வந்தது. அந்த நேரம் பார்த்து அவள் கண்ணைத் திறக்காமலே, "மேக்கப் கீக்கப் போட்டே, கிழிச்சுப் போட்டுடுவேன்" என்றாள்.

அவன் ரப்பரை எடுத்தான். அழிக்காமல் இருந்திருக்கலாம், பாவி. கண்ணைப் பாதி மூடினான். அவ்வளவுதான், அக்கா போய்விட்டாள், நாற்காலியில் வெறும் வெளிச்சமும் நிழலும் உட்கார்ந்திருந்தன. கன்னத்துக் குழிக்குள் நிழல் நேராக இறங்கியது, அப்படியே இறக்கினான். கழுத்து எலும்புக்கு மேலே பள்ளம், அதில் துளிப் பச்சை கலந்த சாம்பல். அவள் கண் திறந்ததும் கண் வெள்ளைக்குத் துளி மஞ்சள் வைத்தான், போதவில்லை. இன்னொரு துளி வைத்தான். அடடா, அமைந்துவிட்டது. பிறந்ததிலிருந்து அவன் கை இவ்வளவு சொன்னபடி கேட்டதே இல்லை. சந்தோஷத்தில் சீட்டியடித்தான் என்றால் நம்புவீர்களா? அடித்தான், மகராசன்.

"முடிஞ்சுதா? குடு" என்று அக்கா கையை நீட்டினாள். அவன் கொடுத்தான். கொடுத்த பிறகுதான் கண் முழுசாகத் திறந்தது. படத்தைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். பிடுங்கிக்கொள்ளலாம் என்றால் கை வரவில்லை.

அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். ஈர வர்ணம் விரலில் ஒட்டாமல், படத்திலிருந்த கண்ணின் ஓரத்தைத் தொட்டும் தொடாமலும் சுட்டினாள்.

"நல்லா இருக்குடா. அச்சு அசல் நான்தான்."

எத்தனை வருஷம் ஏங்கிய வார்த்தை. அந்த நிலையிலும் அவன் நெஞ்சு ஒரு நொடி குளிர்ந்தது. அந்த நெஞ்சைக் கொண்டுபோய் எங்கே போடுவது?

"மாத்திரைச் சூடுன்னாங்க" என்றாள். "எவ்வளவு நாள்னு சொல்லியிருக்காரு டாக்டர்?"

கதவருகே நின்ற மாமா உள்ளே போய்விட்டார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் அக்காவுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"விடு. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். காலையிலேருந்து என் மூஞ்சியையே பாத்துக்கிட்டிருந்தியே, தம்பி. ஒரு தடவைகூட உன் கண்ணு கலங்கலையே, ஏன்டா?"

அப்போதுதான் அவனுக்கு உடைந்தது. அவள் காலடியில் உட்கார்ந்து, மடியில் முகம் புதைக்கக் குனிந்தான். மடியில் படம் இருந்தது. வர்ணம் இன்னும் காயவில்லை. கண்ணீர் அதன்மேல் விழுவதற்குள், அவன் நினைக்கும் முன்பே அவன் கை படத்தை வெடுக்கென்று ஓரமாக நகர்த்தி வைத்தது.

அக்கா அந்தக் கையைப் பார்த்தாள்.

"எடுத்துட்டுப் போடா" என்றாள். "பத்திரமா எடுத்துட்டுப் போ."