கீழ்வீட்டுத் தட்டல்

"நீ சிவப்பா, நீலமா?" என்று ரொட்டிக் கடை ஹோல்ஸ்னர் அம்மாள் ஒருநாள் சியாமளாவைக் கேட்டாள். மியூனிக் நகரில் பேயர்ன் என்ற கால்பந்து அணிக்குச் சிவப்பு, அதன் பங்காளி அணிக்கு நீலம் என்பதெல்லாம் அவளுக்கு அப்போது தெரியாது. வாயும் வரவில்லை. பின்னலில் கட்டியிருந்த சிவப்பு ரிப்பனைத் தொட்டுக் காட்டினாள். அன்றிலிருந்து அவள் ஹோல்ஸ்னர் அம்மாளுக்கு வேண்டியவளாகிவிட்டாள்.

சியாமளாவுக்கு ஜெர்மன் நன்றாகப் புரியும், பேச மட்டும் நா எழாது. வகுப்பில் எழுந்து நின்றால் தெரிந்த வார்த்தையும் மறந்துபோகும். அப்படித்தான் பள்ளிக்கூடம் நின்றது. அப்பா சந்திரமௌலி கார்ஹிங் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தார். அம்மா போன பிறகு மகளைத் தன்னோடு அழைத்து வந்தவர். படிப்பை விட்டதற்கு அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அவ்வப்போது, "அடுத்த வருஷம் சேர்ந்துடு" என்பார். மற்றபடி இருவருக்கும் பேச ஒன்றுமில்லாமல் போயிற்று. சேர்ந்து உட்காருவது ரேடியோவில் கால்பந்து கேட்கத்தான்.

கடையில் ஹோல்ஸ்னர் அம்மாள் பேயர்ன் கதையை ஓயாமல் சொல்வாள். தேசிய லீக் தொடங்கியபோது நீலத்தைச் சேர்த்துக்கொண்டு பேயர்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார்களாம். கீழ்ப் பிரிவில் ஆடி ஜெயித்துத்தான் உள்ளே வந்ததாம். அப்புறம் ஜெர்மன் கோப்பை, லீக் பட்டம் என்று வரிசையாக வந்ததாம். கேட்டுக் கேட்டு சியாமளாவுக்கும் ஒன்றிரண்டு வார்த்தை வாயில் வரத் தொடங்கியது. ஒருநாள் ஹோல்ஸ்னர் அம்மாள், செப்டம்பரிலிருந்து தன்னிடமே தொழில் கற்றுக்கொள்ளலாம், அப்பா சம்மதித்தால் போதும் என்றாள்.

அப்பாவைக் கேட்பது வகுப்பில் எழுந்து நிற்பதைவிடக் கஷ்டம். எழுபத்து நாலு மே மாதம், பேயர்ன் பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பாவின் பெரிய கோப்பைக்கு ஆடப் போயிருந்தது. எந்த ஜெர்மன் அணியும் அதுவரை தொடாத கோப்பை. ஜெயித்தால் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள்.

ஆட்டம் கோல் இல்லாமல் கூடுதல் நேரத்துக்குப் போயிற்று. பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது என்பது அந்தக் கட்டடத்து விதி. அப்பா ரேடியோவைக் குறைத்துக் காதை அதில் வைத்துக்கொண்டார். முடியச் சில நிமிஷம் இருக்கையில் மாட்ரிட் அணி கோல் போட்டது. "அவ்வளவுதான்," என்று பொத்தானைத் திருகி அணைத்தார்.

சற்று நேரத்தில் கீழ்வீட்டிலிருந்து துடைப்பக் கட்டையால் தங்கள் வீட்டுக் கூரையைத் தடதடவென்று தட்டினார்கள்.

"அணைச்சாச்சேப்பா," என்றாள் சியாமளா.

"முன்னாடி போட்டதுக்கு இப்பத் தட்டறான். லைட்டையும் அணை."

அப்பாவும் மகளும் இருட்டில் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

காலையில் ஹோல்ஸ்னர் அம்மாள் கடை வாசலிலேயே கையை ஆட்டினாள். கடைசி நிமிஷத்தில் பேயர்ன் கோல் போட்டுச் சமன் செய்துவிட்டதாம், நாளை மறுபடியும் ஆட்டமாம். சியாமளா ரொட்டி வாங்க மறந்து வீட்டு மாடிப்படியில் ஏறி ஓடினாள்.

"அப்பா, தோக்கலை! கீழ்வீட்டுக்காரர் தட்டினது சந்தோஷத்துல."

சந்திரமௌலி கழுத்துப்பட்டியைக் கட்டிய கையோடு நின்றார். பிறகு சிரித்தார். அந்த வீட்டில் அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை பேயர்ன் ஒன்றன்பின் ஒன்றாகக் கோல் போட்டது. கீழே தட்டல் கேட்கும்போதெல்லாம் அப்பாவும் குதிகாலால் தரையைத் தட்டினார். நாலாவது கோலுக்குப் பிறகும் பொத்தான் பக்கம் கை போகவில்லை. ஆட்டம் முடியும் ஊதல் கேட்பதற்குள் சியாமளா சொல்லிவிட்டாள்.

"அப்பா, நான் ரொட்டிக் கடையில வேலை கத்துக்கறேன். பள்ளிக்கூடத்துல எனக்கு வாய் வரலை. அங்க வரது."

ரேடியோவில் ஊரே கத்திக்கொண்டிருந்தது. "ஜெர்மன்லயா பேசறே?" என்று கேட்டார்.

"ஓ. நிறைய."

ஆட்டம் முடிந்ததும் ரேடியோவை அணைத்துவிட்டுப் படுக்கப் போனார். அன்றிரவு அவள் தூங்கவில்லை.

சனிக்கிழமை காலை, அவள் தினமும் கடைக்கு எடுத்துப் போகும் ரொட்டிப் பை ஆணியில் இல்லை. கூடத்தில் அப்பா வேலைக்குப் போகிறவர்போல் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக நின்றிருந்தார். பை அவர் கையில் இருந்தது. கண்ணாடியில் தலையை ஒருமுறை சரிசெய்துகொண்டார். மகளைப் பார்த்தார். கதவைத் திறந்துகொண்டு ரொட்டிக் கடைக்குப் படியிறங்கினார்.