சுவரைத் தாண்டிய நீலம்

புதிதாகத் திருத்தி வெளியிட்ட வெள்ள அபாய வரைபடத்தில் தையல்காரம்மாவின் வீடு முழுக்க நீலமாக இருந்தது. ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட பக்கத்து வீடு, அதாவது அவள் நாத்தனாரின் வீடு, பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. நீலத்தில் இருக்கிற வீட்டின்மேல் கடன் இருந்தால் வெள்ளக் காப்பீடு எடுத்தே ஆகவேண்டும் என்று வங்கிக் கடிதம் சொன்னது. இரண்டு வீட்டுக்கும் கடன் உண்டு. கடிதம் இவளுக்கு மட்டும் வந்தது.

“தண்ணிக்குக்கூட ஆள் தெரியுது அண்ணி,” என்றாள் நாத்தனார்.

தையல்காரம்மாவுக்கு அன்றைக்கு வேலையே ஓடவில்லை. ஒரு சட்டைக்கு இரண்டு இடக் கை தைத்துவைத்தாள்.

“அளவெடுக்காம யாராவது துணி வெட்டுவாங்களா? வீட்டை மட்டும் எப்படிங்க அளக்காம நீலம் அடிச்சாங்க?” என்று கணவரைப் பிடித்துக்கொண்டாள். அவர் செய்தித்தாளுக்குள் இன்னும் கொஞ்சம் இறங்கினார்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கடிதத்தைப் படித்ததில், தரைமட்டத்தை அளந்து காட்டினால் வரைபடத்தைத் திருத்துவார்கள் என்று அடியில் பொடி எழுத்தில் இருந்தது. மறுவாரமே சர்வேயர் முக்காலியும் அளவுகோலுமாக வந்து இறங்கினார்.

“வெள்ளம் ஏறுற மட்டத்துக்கு ஒன்றரை அடி மேல இருக்கீங்கம்மா. தப்பிச்சீங்க.”

நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. “எங்க வீட்டையும் அளந்து எழுதிக்குங்க சார். அவங்களவிட நாங்க ஒசரம்.”

“அளந்தா உள்ளதைத்தான் எழுதுவேன். பரவாயில்லையா?”

“அதுக்குத்தானே கூப்பிடறேன்.”

ஃபேஷன் என்று சொல்லி, கூடத்தை மூன்று படி பள்ளமாக இறக்கிக் கட்டியது அவளேதான். வெள்ள மட்டத்துக்கு இரண்டடி தாழ்வு என்று எழுதிக்கொண்டு போனார் சர்வேயர். திருத்திய வரைபடம் வந்தபோது நீலம் சுவரைத் தாண்டிப் போயிருந்தது. நாத்தனார் பல்லைக் கடித்துக்கொண்டு பாலிசி எடுத்தாள். மூன்று வாரம் பேச்சுவார்த்தை இல்லை.

அடுத்த மழைக்காலத்தில் ஆறு கரையை உடைத்தது. தையல்காரம்மா வீட்டின் இரண்டாவது படியோடு தண்ணீர் நின்றுகொண்டது. நாத்தனார் கூடத்தில் சோபா மிதந்தது. அவள், புருஷன், இரண்டு பிள்ளைகள், குளிர்சாதனப் பெட்டி எல்லாரும் அன்று மாலையே இங்கே ஏறி வந்தார்கள். பதினோரு நாள் இருந்தார்கள். பிள்ளைகள் துணி வெட்டும் மேசையில் படுத்துக்கொண்டார்கள்.

“எப்பவும் உப்பு இவ்வளவுதான் போடுவீங்களா அண்ணி?” என்று மூன்றாம் நாளே ஆரம்பித்துவிட்டாள் நாத்தனார்.

பிறகு காப்பீட்டு அதிகாரி வந்தார். நாத்தனாருக்குப் புதுத் தரை, புதுப் பெயிண்ட், புதுச் சோபா என்று எழுதிக்கொண்டே போனார். தையல்காரம்மா மெதுவாக அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

“சார், எனக்கு ஒண்ணும் கிடையாதா?”

“பாலிசியும் இல்ல, உங்க வீட்டுக்குள்ள தண்ணியும் வரலையேம்மா.”

“தண்ணி வரல. இவங்க எல்லாரும் வந்தாங்களே.”

அதிகாரி தாள்களை நிஜமாகவே ஒருமுறை புரட்டிப் பார்த்தார். “அதுக்குப் பிரிவு இல்லம்மா.”

சோபா வந்த அன்று நாத்தனார் கூப்பிட்டாளே என்று போனாள். உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராத சோபா. நாத்தனார் டீ கொண்டுவந்து கையில் கொடுத்து, “பதினோரு நாளும் முகம் சுளிக்கல அண்ணி நீங்க,” என்றாள்.

“அது இருக்கட்டும்,” என்றாள் தையல்காரம்மா டீயை ஆற்றிக்கொண்டே. “அந்தப் பாலிசி எடுத்துக் கொடுத்தவர் நம்பரைக் குடு.”